கண்டக்டர் வீட்டு இரட்டை விசில்

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. எனக்கு வந்த வேலை உத்தரவில் ஆராய்ச்சி உதவியாளர் என்று இருந்தது. எழுபதுகளின் கடைசியில் தொடங்கி எண்பதுகள் முழுக்க அந்த வேலை பார்த்தேன். பக்கவாதம் வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்து வீடு திரும்பியவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். மதுரைக்குள் என்றால் நடை, வெளியே என்றால் பஸ். போன இடமெல்லாம் "டாக்டரம்மா வந்திருக்காக" என்று நாற்காலி போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதல் காரியமாக அதைத் திருத்துவேன். பொறுமையாகக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, "டாக்டரம்மாவுக்குக் காப்பியா, கலர் சோடாவா?" என்பார்கள்.

நான் கேட்க வேண்டிய கேள்விகள் அச்சடித்த தாளில் வரிசையாக இருந்தன. கையை எவ்வளவு தூக்குகிறார், தானே சாப்பிடுகிறாரா, பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, பிடிக்காமல் நடக்கிறாரா. எனக்கு அந்த வரிசை பிடிக்கும். அளக்கக்கூடியதை அளந்து கட்டத்தில் எழுதும்போது மனம் துவைத்து மடித்த துணி மாதிரி ஆகிவிடும். கடைசியில் மட்டும் ஒரு கேள்வி அளவுக்கு அடங்காமல் நின்றது: குடும்பத்தார் எதிர்பார்ப்பது என்ன? அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "பழையபடி ஆகணும்." உசிலம்பட்டியில் மாடு வைத்துப் பிழைத்தவர் வீட்டிலும் அதுதான், சிம்மக்கல் பக்கம் பூட்டுக்கடை வைத்திருந்த பாய் வீட்டிலும் அதுதான். பாயின் மனைவி மட்டும் முன்னால் ஓர் இன்ஷா அல்லா சேர்த்துக்கொண்டார். நான் 'பழைய நிலை' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஒத்தக்கடை வீட்டில்தான் முதல் தடவையாக வேறு பதில் வந்தது.

மேலூர் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு நேர் பின்னால் அந்த வீடு. ஸ்டாப்பில் நிற்பவர்கள் சாய்ந்துகொள்ளும் சுவர்தான் அந்த வீட்டின் சுவர். வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். பின் படியில் நின்றபடியே முன் வாசல் கூட்டத்தை நகர வைக்கிற குரல் என்று அவர் மனைவி சொன்னார். ஒரு நாள் காலையில் டிப்போவுக்குக் கிளம்பி, காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வாதம் அடித்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்தன. வாய் கோணிக்கொண்டது. பேச்சு போயிற்று. நாம் சொல்வது முழுக்கப் புரியும், பதில் மட்டும் வராது. டிப்போவிலிருந்து யார் பார்க்க வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அதனால் மனைவியே யாரையும் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்து, கடைசிக் கேள்வியைக் கேட்டேன். 'பழைய நிலை' என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்தும்விட்டேன்.

"தை மாசம் எம்மகளுக்குக் கல்யாணம் டாக்டரம்மா. எழுமலையில, மாப்பிள்ளை வீட்டுல. நானும் இவுகளும் மணையில உக்காரணும். சபையில கேக்குறப்ப இவுக சம்மதம் சொல்லணும். அம்புட்டுதான்."

"நடக்க வேண்டாமா?"

"நடந்தா நல்லதுதான். மணையில உக்காந்துதான இருக்கப் போறாக?"

அவர்கள் வழக்கத்தில், தாலி கட்டும் முன் சபையில் மூத்தவர் பெண்ணின் தகப்பனைப் பார்த்து, "பொண்ணைக் குடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார். தகப்பன் சபைக்குக் கேட்கிற மாதிரிப் பதில் சொல்ல வேண்டும். தகப்பனால் முடியாவிட்டால் அவர் தம்பியும் தம்பி மனைவியும் மணையில் உட்காருவார்கள். பெற்றவளாக இருந்தாலும் அவள் மட்டும் தனியாக உட்கார முடியாது. தம்பி இதற்குச் சம்மதித்துவிட்டார். சம்மதமா என்று யாரும் கேட்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டார்.

"கொழுந்தனாரு ஜரிகை வேட்டி எடுத்தாச்சு. எங்க ஓரகத்திக்கு மயில்கழுத்துக் கலர்ல பட்டுச்சேலை. நான் என்ன, பந்தியில எலை எடுக்கவா?" என்று கேட்டார். கட்டிலில் இருந்தவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் இறங்கி, தாளின் அடியில் திரும்பிப் போயிற்று. எங்கள் பெரிய டாக்டர் அதைப் படிக்கத் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

"இது என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?"

"கேட்ட கேள்விக்கு அவங்க சொன்ன பதில் சார்."

"இதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?"

"தெரியலை சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, வாரா வாரம் அந்த வீட்டுக்குப் போங்க. வாய்க்குப் பயிற்சி சொல்லிக் குடுங்க. பலூன் ஊதட்டும்" என்றார்.

பலூன் கொண்டுபோனேன், சிவப்பு. கண்டக்டர் பலூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"மருமகன் எடுக்கப் போற வயசுல பலூனான்னு நினைக்கிறாக" என்று மனைவி விளக்கினார். அந்தப் பலூன் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போயிற்று. மனைவி குழாயடிக்குப் போயிருக்கும்போது கூப்பிட வசதியாக இருக்குமென்று அடுத்த வாரம் ஒரு வெண்கல மணி வாங்கிக்கொண்டு போனேன். அதை இடது கையால் வாங்கி, மரியாதையாகக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"இவுக என்ன பூசாரியா, மணி ஆட்ட?" என்றார் மனைவி. அவர் பேசாததையெல்லாம் இந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கண்ணை மூடித் திறந்து அதை ஆமோதித்தார்.

அதற்கடுத்த வாரம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். வாயில் அவருடைய பித்தளை விசில். ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைத் துவைக்கலாம் என்று எடுத்தபோது பையில் இருந்ததாம். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தொங்கிப்போன வலது உதட்டோரத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊதுங்க."

புஸ்ஸென்றது.

"என்னங்க, டயரு பஞ்சரா?"

மறுபடி புஸ்.

"அடி ஆத்தி, ஸ்டெப்னியும் பஞ்சரு!"

கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். பீர்ர்ரென்று அது கிளம்பிய வேகத்தில் ஜன்னலில் இருந்த கோழி வெளியே குதித்தது. என் கையிலிருந்த தாள்கள் தரையில் சிதறின. மனைவி உதட்டை விடாமலே சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க விரல் ஆடியது, விரல் ஆட ஆட விசில் ஏறி இறங்கிப் பாடியது. நான் தரையில் உட்கார்ந்து தாள்களை வரிசைப்படுத்தினேன். எனக்கும் சிரிப்பு தாங்காமல் தலைகீழாக அடுக்கிவிட்டு வீட்டில் போய்ச் சரிசெய்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட். ரசம் போதும் என்றால் ஒன்று. சாப்பிட்டாயிற்று, தட்டை எடு என்றால் இரண்டு. சில நாளில் உதட்டைப் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை, தானே இடது கையால் பிடித்துக்கொண்டு ஊதினார். ஒரு நாள் நான் கேள்விகளைச் சற்று நீட்டிவிட்டேன். இரண்டு விசில் அடித்தார்.

"உங்களைத்தான் கெளம்பச் சொல்றாக" என்றார் மனைவி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் இருப்பதை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை.

அது நடந்தபோது நான் பஸ்ஸுக்குள்தான் இருந்தேன். கண்டக்டர் வீட்டிலிருந்து விடைபெற்று, ஊருக்குள் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பணியில் இருந்த இளவயதுக் கண்டக்டர் எதிர்க் கடையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வீட்டுக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. சுவருக்குப் பின்னாலிருந்து இரண்டு விசில் தெளிவாக வந்தது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கியரைப் போட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

"ஏப்பா, கண்டக்டரு ஏறலப்பா!" என்றது ஒரு குரல்.

"அப்ப விசிலு யாரு அடிச்சா?"

"முனி அடிச்சிருக்கும்."

"சும்மா இருங்கய்யா. கண்டக்டர் இல்லாமலே கோரிப்பாளையம் போயி எறங்கிருவோம்."

பஸ்ஸில் நான் வாய் திறந்து பேசியதே கிடையாது. சில்லறையைக்கூடச் சரியாக எண்ணி வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறவள். அன்று எழுந்து நின்று, குடையால் கூரையைத் தட்டி, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினேன். பிரேக் விழுந்தது. எல்லாரும் முன்னால் போய்விட்டுப் பின்னால் வந்தோம். தோல் பை இடுப்பில் குதிக்க, வாய் நிறைய வெற்றிலையோடு கண்டக்டர் ஓடிவந்து படியைப் பிடித்தார்.

"யாருய்யா விசில் அடிச்சது?"

"இட்லி சாப்பிட்டு முடிச்சவரு" என்றேன். உண்மை அதுதான். ஆனால் என்னை அவர் பார்த்த பார்வையில், ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவளாக்கிவிட்டார் என்று தெரிந்தது.

மீதியை அந்த அம்மாள் சொல்லித்தான் கேட்டேன். அடுத்த நடையில் அந்த இளைஞர் ஒத்தக்கடையில் இறங்கி, விசில் வந்த திசையை மோப்பம் பிடித்து, "எவன்டா அது?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கட்டிலில் இருந்தவருக்குச் சுவர்ப் பக்கம் திரும்ப நேரமில்லை. விசில் வாயிலேயே இருந்தது. இளைஞர் அப்படியே நின்றுவிட்டாராம்.

"அண்ணே... நீங்களா?"

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தாராம்.

"வாதம் வந்தும் எங்க வண்டியை நீங்கதானா அண்ணே எடுப்பீங்க? நான் எதுக்கு டூட்டிக்கு வாரேன்? நாளையிலேர்ந்து நான் வீட்டுல படுத்துக்கிறேன், நீங்க இங்கிருந்தே ஓட்டுங்க!"

கட்டில் குலுங்கியதாம். அவர் சிரித்திருக்கிறார். வாயோரம் எச்சில் வழிந்ததை அவரும் கவனிக்கவில்லை, வந்தவரும் கவனிக்கவில்லை. "அன்னைக்குத்தான் டாக்டரம்மா, வந்த மனுசனுக்கு மூஞ்சியைக் காட்டுனாக" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். உடனே, "ஆனா வண்டி பின்னாடி அந்தக் கண்டக்டர் தம்பிக்கு என்னா ஓட்டம்!" என்று மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. இரட்டை விசில் அடிக்கும் முன் ஸ்டாப்பில் பஸ் நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார வேண்டும். கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்து, சில சமயம் இடது காலில் எம்பி நிற்கவும் வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை அவர் எதையாவது போகலாம் என்று சொல்ல வேண்டியிருந்ததோ அத்தனை முறையும் எழுந்தார். நிற்கிற பஸ்களின் டிரைவர்கள் ஹாரன் அடித்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கும் எழுந்தார்.

பெரிய டாக்டர் என் தாளைப் பார்த்தார். "தானே எழுந்து உட்காருகிறார், பிடித்துக்கொண்டு நிற்கிறார்னு போட்டிருக்கீங்க. என்ன பயிற்சி குடுத்தீங்க?"

"பஸ் நிக்குதான்னு பார்க்கச் சொன்னாங்க சார், அவங்க வீட்டம்மா."

அவர் அதையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொன்னார்.

கார்த்திகையில் கண்டக்டரின் பழைய ஜோடி டிரைவர் வந்தார். ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாகப் பல வருஷம் ஓடியவர்கள். ஆள் நுழைந்ததும் அறை சிறியதாகிவிட்டது.

"மாப்ள, எழுமலைக்குக் கல்யாண வண்டி நான் ஓட்டுறேன். லீவு சொல்லியாச்சு. தங்கச்சி, கேட்டுக்க. இந்த ஆளு கண்டக்டரா வந்தாத்தான் நான் ஸ்டீயரிங்கைத் தொடுவேன்."

கண்டக்டர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்: "வீட்டுக்குள்ள எல்லாம் சரிதான். சபையில எச்சி ஒழுகுனா, பேச்சு வராம முழிச்சா, மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாகன்னு பயம். எனக்கு என்ன பயம் தெரியுமா? எம்மக திரும்பிப் பாக்குறப்ப அங்க நான் இருக்க மாட்டேன்."

எனக்கு இதற்குப் பயிற்சி எதுவும் தெரியவில்லை. என் தாளிலும் இல்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் விடியாததுமாக ஒத்தக்கடையில் இருந்தேன். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். வாடகை பஸ் வாழைமரம் கட்டி ஸ்டாப்பில் நின்றது. உள்ளே பெண், தோழிகள், உறவுக்காரர்கள், பலகாரக் கூடைகள், அழுகிற குழந்தைகள். முன் இருக்கையில் தம்பி ஜரிகை வேட்டி கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மயில்கழுத்துச் சேலை. வீட்டு வாசலில் அந்த அம்மாள் பட்டுக் கட்டி, பூ வைத்து, ஏறாமல் நின்றார். உள்ளே கட்டிலில் கண்டக்டர் பனியனோடு இருந்தார். வர மாட்டேன் என்பதற்கு அவர் காலையிலிருந்தே ஒற்றை விசிலாக அடித்துக்கொண்டிருந்தாராம்.

டிரைவர் இன்ஜினை ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, வண்டியை எடுங்க. முகூர்த்தம் போயிரும்" என்றார் தம்பி.

"விசில் வரலையே."

தம்பி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். நல்ல சத்தம்தான்.

"இது சினிமாக் கொட்டகை விசிலு. இதுக்கு வண்டி எடுத்தா என் லைசென்ஸைப் பிடுங்கிருவாய்ங்க."

"ரைட், ரைட்!" என்று பின்னாலிருந்து ஏழெட்டுக் குரல்கள்.

"வாயால சொல்றது செல்லாது."

"நாதஸ்வரத்தை ஊதச் சொல்லவாய்யா?" என்றார் ஒருவர்.

"அது எழுமலையில இருக்கு. அதுவரைக்கும் கேக்காது."

ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அப்பாவின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அது நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எல்லாமே கேட்டிருக்கும். ஆள் நிறைந்த வண்டி, நேரம் கடந்து, இன்ஜின் ஓடிக்கொண்டு, ஸ்டாப்பிலேயே நிற்கிறது. கண்டக்டர் வேலை பார்த்தவருக்கு அது நகக்கண்ணில் ஊசி.

திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து இரட்டை விசில் கிளம்பியது. கோபமான விசில். பஸ்ஸே கை தட்டியது.

டிரைவர் அசையவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "வீட்டுக்குள்ள இருந்து அடிக்கிற விசிலுக்கு வண்டி எடுத்து ஒருத்தன் பட்ட பாடு டிப்போவுக்கே தெரியும் மாப்ள! கண்டக்டர் படியில நிக்கணும். நின்னு அடிக்கணும். அதான் சட்டம்."

அந்த அம்மாள் வாசலிலிருந்து உள்ளே திரும்பி, கல்யாணத்தைப் பற்றியோ மகளைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல், "என்ன பண்றீக? வண்டி லேட்டாகுதுல்ல?" என்றார்.

கண்டக்டர் இடது கையை நீட்டி ஆணியைக் காட்டினார்.

"கல்யாணத்துக்குக் காக்கியா? பட்டுச் சட்டை எடுத்து வச்சிருக்கேன்ல?"

ஒற்றை விசில்.

வெள்ளை வேட்டிக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். வலது பக்கம் மனைவி தாங்கினார், இடது பக்கம் நான். பிடித்துக்கொண்டு எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ண வேண்டியவள் நான்தான். எண்ணவில்லை. பின் படியில் அவரை ஏற்றியபோது உள்ளிருந்து ஆறு கைகள் பிடித்து இழுத்தன. ஏறியதும் கம்பியை இடது முழங்கைக்குள் வளைத்து நின்று, வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டிருந்த ஒருவர் தானாக உட்கார்ந்துவிட்டார். அப்புறம் உதட்டோரத்தை விரலால் பிடித்து, இரண்டு விசில்.

"ரைட்டு மாப்ள!" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. வாழைமரம் இரண்டும் ஆட, பஸ் கிளம்பிற்று. வழியெல்லாம் ஒரே கூத்து. உசிலம்பட்டியில் பெண்கள் டீ குடிக்க வேண்டுமென்றபோது அவர் ஒற்றை விசில் அடித்து நிறுத்தினார். எல்லாரும் ஆற அமரக் குடித்து முடிக்கும்வரை காத்திராமல் இரட்டை விசிலும் அடித்துவிட்டார். நான் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன்.

எழுமலையில் அவர்கள் இருவரும் மணையில் உட்கார்ந்தார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. ஆனால் தம்பி இன்னும் விடவில்லை. மணையோரம் வந்து நின்று, "அண்ணன் உக்காந்தாச்சு, சந்தோசம். சம்மதம் யாரு சொல்றது? பேச்சுத்தான் இல்லையே. அதை மட்டும் நான் சொல்லிர்றேன்" என்றார்.

சபையின் மூத்தவர் தாடையைத் தடவினார். அந்த அம்மாள் தலை நிமிர்ந்தார். "நீங்க கேளுங்க பெரியப்பா. இவுகளைப் பார்த்துக் கேளுங்க."

"அதுவும் சரிதான். அவரைத்தான கேக்கணும்?" என்றார் பெரியவர். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் எதுக்கு? நான் வண்டியில போயி உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

பெரியவர் கேட்டார்: "சபையறிய, பொண்ணைக் குடுக்கச் சம்மதமா?"

கண்டக்டர் வாயைத் திறந்தார். உதடு நடுங்கியது. ஒன்றும் வரவில்லை. வாயோரம் எச்சில் இறங்கியது. இத்தனை மாதம் அவர் பயந்தது இதைத்தான். பந்தல் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என் குடையின் கைப்பிடியை நான் திருகிய திருகலில் அது கையோடு வந்துவிட்டது.

மனைவி தன் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தார். காக்கிச் சட்டைப் பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்து அவர் உதட்டில் வைத்தார். பிறகு, அத்தனை பேர் முன்னிலையில், முதல் நாள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பிடித்தாரே, அதேபோல வலது உதட்டோரத்தை இரண்டு விரலால் பிடித்தார்.

பீர்ர். பீர்ர்.

மேளக்காரர் அதைக் கெட்டிமேளத்துக்குச் சைகை என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். பெரியவர் காதைத் தேய்த்துக்கொண்டு, "இது என்னய்யா?" என்றார்.

அதுவரை குனிந்தே இருந்த மணப்பெண் தலையைத் தூக்கி, "ரைட்டுன்னு அர்த்தம் தாத்தா!" என்றாள்.

"சபைக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு!" என்று பந்தல் முழுக்கச் சிரிப்பும் சத்தமுமாகப் பதில் வந்தது.

"அப்ப ரைட்டு" என்றார் பெரியவர். தாலி ஏறியது. அம்மாள் மணையில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார், அவர் உதட்டிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து சீர்ப் பாத்திரங்களை இறக்க வெளியே போனவர்கள்தான் திரும்பி ஓடிவந்து, பஸ்ஸைக் காணவில்லை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே உறுமிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் வெட்கத்தோடு இறங்கினார். இட்லி, பொங்கல் எல்லாம் முடித்து ஸ்டீயரிங்கில் சாய்ந்து கண்ணசந்திருக்கிறார். பந்தலுக்குள்ளிருந்து இரட்டை விசில் கேட்டிருக்கிறது.

"காலு தானா கிளட்சை மிதிச்சிருச்சு மாப்ள. உன் விசிலாச்சே! உசிலம்பட்டி ரோட்டுல பாதி போனப்புறம்தான் கண்ணாடியில பாத்தேன், பின்னாடி நீ இல்ல."

அவருக்குப் பின்னால் தம்பி இறங்கினார். ஜரிகை வேட்டியில் புழுதி. தொண்டை கட்டியிருந்தது.

"நிறுத்துய்யா, நிறுத்துய்யான்னு எம்புட்டுக் கத்துனேன்!"

"விசில் வரலையே தம்பி. எப்படி நிறுத்துறது?" என்றார் டிரைவர்.

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் மணைப் பலகை நகர்ந்தது. பந்தியில் அந்த அம்மாளே தம்பிக்கு இலை போட்டு, "சாப்பிடுங்க கொழுந்தனாரே" என்று இரண்டு வடை வைத்தார். தம்பி முறைத்துக்கொண்டே தின்றார். மூன்றாவது வடைக்கு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை நான் கொடுத்த தாளைப் பெரிய டாக்டர் ஓரம், அடி, பின்பக்கம் என்று சுற்றிச் சுற்றிப் படித்தார். அடுத்து அச்சடித்த தாளில் அந்தக் கடைசிக் கேள்வி முதல் பக்கத்துக்கு வந்தது, கீழே நிறைய இடம் விட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எல்லா வீட்டிலும் அதைத்தான் முதலில் கேட்டேன். விதவிதமான பதில்கள் வந்தன. பூட்டுக்கடை பாயின் மனைவி, பாய் பெருநாள் தொழுகைக்குத் தானே தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

ஆனால் அன்று டாக்டர் அதையெல்லாம் பேசவில்லை. தாளை மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "தாலி கட்டுறதைக் கண்டக்டரோட தம்பி பார்த்தாரா, இல்லையா?" என்று கேட்டார்.

"பார்க்கலை சார். பஸ்ஸுக்குள்ள இருந்தாரு."

"எழுதியிருக்கீங்களா?"

"ஓரத்துல எழுதியிருக்கேன் சார்."

தாளை மறுபடி எடுத்து ஓரத்தைத் தேடிப் படித்தார்.